ஈரம் ஆகாது

ஏற்காட்டிலிருந்து இறங்கி வந்தது,
இருபது கொண்டை ஊசி வளைவையும்
ஆர்லின் பெய்லியின் மடியில் உட்கார்ந்து கடந்து.
பழைய மழைக்கோட்டில் சுற்றியிருந்தாள்.
‘மம்மியோடது. மம்மிக்கு ஒரு எஸ்டேட் துரைசானி
கப்பல் ஏறும்போது கொடுத்தது.
டிசம்பர் முப்பத்தொண்ணு ராத்திரி நான் போட்டுக்கணும்.’

எனக்கோ ஐப்பசி.
பதினொரு கல்யாண ஜாக்கெட் சட்டத்தில் இறுகிக் கிடக்கிறது.
முடியாதென்று சொல்ல வாய் திறந்தேன்.
அதற்குள் மேசைமேல் விரித்துவிட்டாள்.

பொன்வண்டு முதுகுப் பச்சை.
கழுத்திலிருந்து கணுக்கால்வரை சமிக்கி,
ஓடு வேய்ந்த மாதிரி
ஒன்றின் பாதியை அடுத்தது மறைத்து.
கிட்டப் போனால் காபி வாசம்.
‘வறுத்த கொட்டைக்கு நடுவுலதான்
டின்னுக்குள்ள வெச்சிருந்தாங்க, இத்தன வருஷமும்.’

முன்பக்கத்தைப் பார்ப்பது விருந்தாளிகளின் வேலை.
நான் திருப்பிப் போட்டேன்.
சங்கிலித் தையல். என்னிடம் இருக்கிற அதே ஆரி ஊசி,
கடலுக்கு அந்தப் பக்கத்துக் கை.
சமிக்கி அடியில் தொங்க,
மேலே வெறும் துணியைப் பார்த்துக்கொண்டே
விரல் நுனிக் கணக்கில் கோத்திருக்கிறாள்.
அங்குலத்துக்குப் பத்து.
எங்கே ஸ்கேல் வைத்தாலும் பத்து.
இடது அக்குளுக்குக் கீழே மட்டும் ஒன்பது.
அந்த இடத்தில் கொட்டாவி விட்டிருப்பாள்.
எனக்கு அவளைப் பிடித்துப்போனது.

உதிர்ந்த ஒன்றை நாக்கில் வைத்தேன்.
கரைந்தது.
எலும்பு காய்ச்சிய பசையைத் தகடாக்கி,
சாயமேற்றி வெட்டியது.
ஈரம் ஆகாது.
இஸ்திரி ஆகாது.
வியர்வை ஆகவே ஆகாது.
ஆடுவதற்கென்று தைத்த உடை!

‘முதுகுல கறுப்பா ஒரு திட்டு இருக்கே பர்ஹானா,
அதை எடுத்துட்டுப் பச்சை வெச்சிடு.’

கத்தரியை நுழைத்தேன்.
தவறான நூல்.
சங்கிலித் தையலுக்கு ஒரு நுனி போதும்,
சர்ரென்று ஒரு வரிசையே அவிழ்ந்து
தட்டில் கொட்டியது.
இருநூற்றுப் பன்னிரண்டு.
ஓடிய நூல் கறுப்புத் திட்டில் போய் முட்டி நின்றது.
அங்கே ஒவ்வொன்றுக்கும் தனித்தனி முடிச்சு.

பக்கத்துக் கொலுசுப் பட்டறை தனசேகரன்
ஒன்றை நகத்தால் சுரண்டினான்.
‘வெள்ளிங்க அக்கா. கொலுசுத் தகட்டுல வெட்டினது.
துளையப் பாருங்க, செவ்வாய்ப்பேட்டை உளி.’
மொத்தம் முப்பத்தொன்பது.
எடை பின்னால் இழுக்குமே என்று தேடினால்
முன்விளிம்பு மடிப்புக்குள் கொலுசு முத்துகள்,
எடைக்கு எடை, ஒளித்துத் தைத்திருக்கிறது.

உட்புறம் முடிச்சுகளைத் தொடர்ந்து போனேன்.
நான்கு கிளை. தள்ளி, குட்டையாய் ஒன்று.
உள்ளிருந்து பார்த்தால் இடது. திருப்பினால் வலது.
என் கையை அதன்மேல் வைத்தேன்;
ஒரு கணு பெரியது.
இடுப்புக்கு மேலே, முதுகுத்தண்டை ஒட்டி,
சேர்ந்து ஆடுகிறவன் கை வைக்கும் இடம்.
அவ்வளவு நேரம் வைத்திருக்கிறான்.
அவ்வளவு சூடு.

போன் செய்து சொன்னேன்.
பதில் இல்லை. மலையில் சிக்னல் போயிற்றோ என்று
திரையைப் பார்த்தேன்.
‘எங்க டாடி ஆடவே மாட்டார்’ என்றாள்.
பிறகு சிரிப்பு மாதிரி ஏதோ கேட்டது.
‘எடுக்காதே. துலக்கி மட்டும் கொடு.’

வெள்ளிக்கு அதுதான் மருந்தென்று
தனசேகரன் ஒரு பொட்டலம் திருநீறு கொடுத்தான்.
என் கடைக்குள் திருநீறு வந்தது அதுதான் முதல் தடவை.
குச்சியில் பஞ்சு சுற்றி,
பச்சையில் படாமல், மூச்சை அடக்கிக்கொண்டு,
விரல் விரலாகத் துலக்கினேன்.
உதிர்ந்ததை ஏற்ற மூன்று ராத்திரி.
அங்குலத்துக்குப் பத்து.
ஓரிடத்தில் ஒன்பதாகிவிட்டது. விட்டுவிட்டேன்.

வாங்க வந்தவள் போட்டுப் பார்த்து,
கண்ணாடிக்கு முதுகைக் காட்டி நின்று கேட்டாள்:
‘வேர்வைக்குத் தாங்குமா?’
‘காலோட கிடந்து தேயற சாமானுங்க மேடம்.
தாங்கும்.’